சொட்டு விழும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு

வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டு மறந்துபோகிறார்கள், இல்லையென்றால் பயந்துபோய் நேராக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி "கியர்பாக்ஸ் போயிடுச்சான்னு பாருங்க" என்கிறார்கள். அப்படிக் கேட்டால் மெக்கானிக் ஆமாம் என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது, பதிலை நாமே கையில் கொடுத்துவிட்டுத்தானே கேட்கிறோம். கோயம்புத்தூரில் ஒரு பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காரை வருடக்கணக்காக வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கசிவை நிறுத்தும் சாமான், அது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையமோ ஒரு வாஷரோ, பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே கழற்ற ஆரம்பிக்கிறார்களே, அந்த வேலைக்குத்தான் ஆயிரங்கள் போகின்றன.

முதலில் அது கியர்பாக்ஸ் எண்ணெய்தானா என்பதே பல நேரம் சந்தேகம். ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் டேஷ்போர்டுக்கு நேர் கீழே தண்ணீர் சொட்டும், அது வெறும் தண்ணீர், தொட்டால் வழுக்காது, விட்டுவிடலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பெரும்பாலும் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும், லேசாக இனிப்பு வாடை வரும். எஞ்சின் ஆயில் புதிதில் தேன் நிறம், கொஞ்சம் ஓடியபின் கறுப்பு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், கசிந்தால் தெரியட்டும், எஞ்சின் ஆயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே. ஆனால் ஓடி ஓடிப் பழசாகிவிட்டால் அதுவும் பழுப்பாகிவிடும், அதனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிவப்பாகச் சொட்டினாலும் கியர்பாக்ஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். ஸ்டீயரிங் ரேக்கில் ஒழுகியதற்குக் கியர்பாக்ஸை இறக்கிய கதைகளும் உண்டு. உங்கள் வண்டி எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்றால் இந்தக் குழப்பம் கிடையாது.

மேனுவல் கியர் வண்டிக்காரர்கள் மூக்கை நம்பலாம். மேனுவல் பெட்டிக்கான எண்ணெயில் பற்களுக்கு நடுவே நசுங்காமல் தாக்குப்பிடிப்பதற்காகக் கந்தகச் சேர்மங்கள் சேர்ப்பார்கள், அதனால் கெட்டுப்போன முட்டை மாதிரி ஒரு நாற்றம் அடிக்கும், ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அதாவது பெல் ஹவுசிங் அடியில், மஞ்சள் தண்ணீர் போல மெலிதாக ஏதாவது சொட்டினால் அது கிளட்ச் சிலிண்டரில் இருந்து வரும் பிரேக் ஃப்ளூயிடாகக்கூட இருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அதே திரவம் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒழுகினால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், அது கியர்பாக்ஸ் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு கூட்டம் ஏஎம்டி வைத்திருப்பவர்கள். 2014இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு நம் ஊரில் பரவலாகிவிட்ட இந்தப் பெட்டி உள்ளுக்குள் ஒரு சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கியர் மாற்றுவதையும் கிளட்ச் மிதிப்பதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. அந்தக் கை ஹைட்ராலிக் வகை என்றால் அதற்குத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் தனி எண்ணெய் இருக்கும். அதனால் இந்த வண்டிகளில் கசிவு என்றால் இரண்டு எண்ணெய்களில் எது என்று கேட்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கியர் ஆயில் குறைந்தால் மெதுவாகத் தேயும், கையை இயக்கும் எண்ணெய் குறைந்தால் சிக்னலில் கியர் விழாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். மேனுவலில் எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பதும் சூட்டைக் கடத்துவதும்தான், அரை லிட்டர் குறைந்தாலும் சத்தம் போட்டுக்கொண்டே கொஞ்ச காலம் ஓடும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்தான் வண்டியையே நகர்த்துகிறது. எஞ்சினில் இருந்து வரும் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய்தான் அந்தப் பக்கம் கடத்துகிறது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை எண்ணெய் அழுத்தம்தான் பிடித்து நிறுத்துகிறது, சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் போய்வருவதும் அதேதான். அளவு குறைந்து பம்ப்பு காற்றை இழுக்க ஆரம்பித்தால் அழுத்தம் விழும், தட்டுகள் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகும், கருகிய எண்ணெய் இன்னும் மோசமாகப் பிடிக்கும். இந்தச் சுழலில் விழுந்துவிட்டால் சில நூறு ரூபாய் சீலோடு போயிருக்க வேண்டியது பெட்டி பிரிக்கும் வேலையாகிவிடும்.

இந்தச் சிவப்பு எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான பூர்வீகம் உண்டு, சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெரிய எண்ணிக்கையில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டியான ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக அறிமுகம் செய்தது. அப்புறம் வந்த எண்ணெய்களில் கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுவழுப்பாகப் பிடிப்பதற்காகத் திமிங்கிலத்தின், அதுவும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின், எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. மாற்றுச் சரக்கைத் தேடி எண்ணெய்க் கலவையையே திருத்த வேண்டியிருந்தது. எண்ணெய்க்குள் இருக்கும் ஒரு சிறு சேர்மானம் கிளட்ச் பிடிக்கும் விதத்தையே தீர்மானிக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் ஊற்றும் இடத்துக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, கசியும் இடங்களுக்கு வருவோம். ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது, எங்கேயோ நுழைந்து சட்டத்தோடு வழிந்து வந்து வேறெங்கோ சொட்டும். கியர்பாக்ஸும் அப்படித்தான், இதில் கூடுதலாகக் காற்று வேறு. வண்டி எண்பதில் போகும்போது அடியில் அடிக்கும் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளித் தள்ளி மொத்த அடிப்பாகத்தையும் நனைத்துவிடும், அதன்மேல் மண் ஒட்டிக் கரிய களிம்பாகிவிடும். அந்த நிலையில் பிட்டுக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு யாராவது இடத்தைச் சொன்னால் அது ஊகம்தான்.

என் வண்டியில் நடந்தது இது. கியர்பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின், ஆக்சில் என்பதும் இதைத்தான், ரப்பர் உறையான பூட் கிழிந்து ஒரு இடத்தில் மாற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து இடது பக்கம் ஈரம். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன், பெல் ஹவுசிங் பக்கமும் நனைந்திருக்கிறது, முன் பம்ப் சீலாகத்தான் இருக்கும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்கியதோடு பிரித்து ஓவர்ஹால் செய்துவிடலாம் என்று ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள், அந்தத் தொகையைப் பார்த்தால் வண்டியை விற்றுவிடலாம் போல இருந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அங்கே நனைந்துதான் இருந்தது.

சுந்தராபுரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "தம்பி, கடைசியா இந்த வண்டில கையை வெச்சது யாருங், என்ன வேலை பாத்தாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பூட் மாத்தினதுதாண்ணா என்றேன். "அப்ப ஆக்சிலக் கழட்டியிருப்பாங்க. கழுவிட்டுப் பாத்துக்கலாமுங், அவசரமில்ல."

அவர் செய்தது இவ்வளவுதான். டீசலும் பிரஷ்ஷும் போட்டு அடிப்பாகத்தைத் தேய்த்து, வாட்டர் சர்வீஸில் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். அப்புறம் ஒரு டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து, சேரும் இடங்கள் எல்லாவற்றிலும், ஆக்சில் நுழையும் இரண்டு பக்கம், பெல் ஹவுசிங் விளிம்பு, கீழே எண்ணெய் தங்கும் சம்ப் மூடி, கூலர் குழாய் இணைப்பு, கியர் செலக்டர் கம்பி வெளியே வரும் இடம் என்று தட்டிவிட்டார். எண்ணெய் சூடாகி இளகினால்தான் கசியும் என்பதால் பாலக்காடு ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு ஒன்றே ஒன்று, இடது ஆக்சில் சீலுக்கு அடியில் இருந்து கிளம்பிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பெல் ஹவுசிங் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. பவுடருக்குப் பதிலாக எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து யுவி விளக்கு அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு, மெதுவாகக் கசியும் வண்டிகளுக்கு அது இன்னும் நல்லது, பல நாள் ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாம்.

ஆக்சிலை இழுத்ததும் சீலைக் காட்டினார். உள் விளிம்பில், மெக்கானிக்குகள் லிப்பு என்பார்கள், நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. ஷாஃப்டை உள்ளே நுழைக்கும்போது அதன் நுனியில் இருக்கும் பற்கள் லிப்பில் உரசியிருக்கின்றன. ஆயில் சீல் என்பது வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ரப்பர் விளிம்பு, அதைச் சுற்றி ஷாஃப்டோடு அழுத்திப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான், அந்த விளிம்பு தொடும் பட்டை ஒரு நூல் அகலம்கூட இருக்காது. அதில் ஒரு கீறல் போதும். ஷாஃப்டைத் தொங்கவிடாமல் நேராகத் தாங்கிப் பிடித்துச் செருகினால் இது நடக்காது, ஆனால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். டிரைவ் ஷாஃப்ட், பூட், சஸ்பென்ஷன் வேலை நடந்த சில வாரங்களில் சிவப்பு தெரிந்தால் எனக்கு இப்போது முதல் சந்தேகம் அந்த வேலையின் மேல்தான் வரும்.

புது சீல் போடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. சில சீல்களின் லிப்பில் திசை பார்த்த மெல்லிய வரிகள் இருக்கும், ஷாஃப்ட் சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புவதற்காக, அதனால் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வேறு வேறு சீல். "சைஸ் ஒண்ணுதான் சார்" என்று ஸ்பேர் கடையில் கொடுப்பதை வாங்கிவந்து மாற்றிப் போட்டால் புது சீலிலேயே ஒழுகும். போடுவதற்கு முன் லிப்பில் அதே எண்ணெயைத் தடவ வேண்டும், காய்ந்த ரப்பர் முதல் சுற்றிலேயே தீய்ந்துவிடும். சுத்தியால் ஒரு பக்கமாகத் தட்டினால் கோணலாக இறங்கும், சீலின் வெளி வட்டத்துக்குச் சமமான ஒரு பைப்பையோ சாக்கெட்டையோ வைத்து நேராக இறக்க வேண்டும். ஷாஃப்டில் பழைய லிப்பு தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருந்தால், புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் பயனில்லை, இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக நிறுத்துவார்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் மெல்லிய உலோக உறை ஏற்ற வேண்டும். விரலை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும், பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சம்ப் கேஸ்கட்டில் கசிவு என்றதும் போல்ட்டை இறுக்குகிறார்கள், அதிகம் இறுக்கினால் தகடு வளைந்து இன்னும் ஒழுகும், அதற்கென்று ஒரு இறுக்க அளவு உண்டு. டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், சில ரூபாய் சாமான், எண்ணெய் மாற்றும்போது அதையும் மாற்றாமல் விட்டுப் பத்து நாளில் திரும்பி வருபவர்கள் உண்டு. ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாயின் ரப்பர்ப் பகுதி எஞ்சின் சூட்டில் விறைத்துப்போகும், அந்தக் கசிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அங்கே எண்ணெய் அழுத்தத்தோடு ஓடுகிறது, திடீரென்று பிய்த்துக்கொண்டால் நிமிடங்களில் பெட்டி காலியாகும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பெல் ஹவுசிங் அடியில்தான் உண்மையான தலைவலி, அங்கே எஞ்சினின் பின் சீலும் இருக்கிறது, கியர்பாக்ஸின் முன் சீலும் இருக்கிறது, எதுவானாலும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறக்கினால் கூலியை இரண்டு தடவை கொடுக்காமல் இரண்டு சீலையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், மேனுவல் என்றால் கிளட்சையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

பிரீதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. பெட்டி சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும், அது வெளியேற மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள். அதில் மண்ணோ களிம்போ அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். சீல் மாற்றினாலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் கசிகிறது என்றால் பிரீதரைத் தேடுங்கள். இதற்கு நேர் எதிராக, எண்ணெய் அதிகமாக ஊற்றிவிட்டாலும் பல்சக்கரங்கள் அடித்து நுரையாக்கி அதே பிரீதர் வழியாக வெளியே கக்கும். மேலிருந்து வழிவதால் பெட்டி முழுக்க நனைந்து, எல்லா சீலும் ஒரே நேரத்தில் போய்விட்டது போலத் தெரியும். போனவாரம் எண்ணெய் மாற்றிய வண்டியில் இப்படி நடந்தால் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அதே துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகவும் செய்யும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய கார்களில் எஞ்சினைக் காயவைத்தார்கள், சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டார்கள், கியர்பாக்ஸை நிறையப் பேர் நினைக்கவே இல்லை. ஓடிச் சூடாக இருக்கும் பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியில் இருப்பதை உறிஞ்சும், முழுசாக மூழ்க வேண்டும் என்றுகூட இல்லை, பிரீதர் உயரம் வரை தண்ணீர் இருந்தால் போதும். ஆட்டோமேட்டிக்கின் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நார்ப்பொருள், அது தண்ணீரைக் குடித்தால் தட்டில் இருந்து பெயர்ந்துவிடும். அளவுக்கம்பியை உருவினால் எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளத்தில் போகாத வண்டியிலும் இதே நிறம் வரலாம், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்திருக்கும். இந்தக் கசிவில் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது, ரேடியேட்டர் டப்பாவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எந்த வழியில் கலந்திருந்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

எண்ணெய் ஊற்றுவது அடுத்து. "எல்லாமே சிவப்புதானே சார்" என்பது நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். டெக்ஸ்ரான், எஸ்பி-3, டொயோட்டாவின் டபிள்யூஎஸ் என்ற எண்ணெய் வகைகள் எல்லாம் சிவப்புதான், ஆனால் ஒவ்வொன்றிலும் உராய்வைத் தீர்மானிக்கும் சேர்மானம் வேறு, திமிங்கில எண்ணெய்க் கதையைச் சொன்னது இதற்காகத்தான். தவறானதை ஊற்றினால் வண்டி உடனே நிற்காது, கியர் விழும்போது உதறும், கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகள் போகும். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி பெட்டியில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றுவது அதைவிட மோசம், அங்கே இரும்புப் பட்டை கப்பிகளுக்கு நடுவே வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதற்கான எண்ணெயே தனி. மேனுவலிலும் ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்றினால், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்குச் சில பெட்டிகளில் ஆகாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் பெயரைப் பாட்டிலில் இருக்கும் பெயரோடு ஒப்பிடுங்கள், கடைக்காரரின் ஞாபகத்தோடு அல்ல.

அளவு பார்ப்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கம்பி உள்ள பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் வண்டி நன்றாகச் சூடான பின், சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, கியரைப் பார்க் (P) நிலையில் வைத்து எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்தி ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் கம்பியே கிடையாது, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில், 40 டிகிரி சுற்றுவட்டத்தில், இருக்கும்போது அடியில் ஒரு போல்ட்டைத் திறந்தால் மெலிதாக வழிய வேண்டும், அதுதான் சரியான அளவு. ஸ்கேனர் போட்டு வெப்பத்தைப் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது, அதனால் ஆக்சிலைக் கழற்றும்போது எவ்வளவு கொட்டியதோ அதைக் கணக்கே பார்க்காமல் மூடி அனுப்பிவிடும் பட்டறைகளும் இருக்கின்றன. எனக்கு அந்த மெக்கானிக் கொட்டியதை ஒரு தட்டில் பிடித்து அளந்துதான் ஊற்றினார், அப்புறம் கம்பியில் சரிபார்த்தார். மேனுவலை வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தால், ஊற்றும் போல்ட்டை முதலில் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து வரமாட்டேன் என்றால் வண்டி அங்கேயேதான் நிற்கும்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்கிறார்களே, அது ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து மென்மையாக்கும். வயதாகி விறைத்துப்போன சீலில் ஈரம் மட்டும் கட்டுகிற அளவுக் கசிவுக்குச் சில காலம் தாங்கும். கீறல், பள்ளம், உடைந்த குழாய் எதற்கும் அது உதவாது. விற்கப்போகிற வண்டிக்குத்தான் அதை அதிகம் ஊற்றுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அப்படியே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு எளிது. அடிப்பாகத்தில் ஈரம் தெரிகிறது ஆனால் தரையில் விழவில்லை, அளவும் குறையவில்லை என்றால் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டலாம். இரவு அட்டை விரித்து வைத்தால் காலையில் சொட்டுகள் இருக்கின்றன என்றால் அந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டும், அதுவரை வால்பாறை, ஊட்டி என்று மலை ஏற்ற வேண்டாம், வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி போன்றவற்றில் ஏறும்போதுதான் எண்ணெய் மிக அதிகமாகச் சூடாகும். டி-யில் போட்டு ஒரு நொடி யோசித்துவிட்டு நகர்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது, இதில் எது இருந்தாலும் ஓரம் கட்டுங்கள். இழுத்துப் போவதானால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் பம்ப்பும் ஓடாது, எஞ்சினோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் எண்ணெயே படாமல் உள்ளே எல்லாம் சுற்றும். கயிறு கட்டி இழுத்து, சின்ன கசிவைப் பெரிய செலவாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. கழுவி, ஓட்டி, இடத்தைக் காட்டிய பிறகு எஸ்டிமேட் கொடுங்கள், கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாமே சொல்லிவிடலாம். நம் ஊரில் பார்த்துச் சொல்வதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, கழற்றினால்தான் கொடுக்கிறோம், அதனால்தான் கழற்றுகிறார்கள். பழைய சீலைக் கையில் வாங்கிப் பாருங்கள், விறைத்திருக்கிறதா, கீறியிருக்கிறதா, ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா என்று அதிலேயே காரணம் தெரிந்துவிடும். வேலை முடிந்த பிறகு ஓரிரு நாள் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், அடித்தகட்டின் மடிப்புகளில் தங்கியிருந்த பழைய எண்ணெய் வடிந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் போகலாம். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் இருக்கிறார்களா என்றும் பாருங்கள், 2016இல் வந்த அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெயும் அபாயக் கழிவுதான், முறையாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் கீழே குனிந்து பார்ப்பதில் செலவிடலாம். பத்து வருட வண்டியின் அடிப்பாகத்தில் கொஞ்சம் தூசியும் மண்ணும் இருப்பதுதான் இயல்பு, கியர்பாக்ஸ் மட்டும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியது போல இருந்தால் எதற்காகக் கழுவினார்கள் என்று கேளுங்கள். மலை ஏற்றமோ பைபாஸோ அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து உடனே அடியில் பாருங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இந்தத் தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதும் என்கிறார் என்றால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.